எங்கள் காம்பராச் சுவரில் ஒரு கொலைத் திமிங்கிலம்

நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்து குரூப்பில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. ஸ்பெயின் பக்கத்துக் கடலில் ஒரு பாய்மரப் படகு போகிறது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய உருவம் பின்னால் வந்து, படகின் சுக்கானை முட்டி முட்டி உடைத்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் திரும்பிப் போகிறது. உடனே ஆளுக்கொரு கருத்து. "கலி முத்திப்போச்சு" என்றாள் ஒருத்தி. "அதுக்கு என்ன கோபமோ" என்றார் ஒருவர். அப்புறம் வழக்கம்போல யாரோ ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் போட, பேச்சு அதோடு நின்றுவிட்டது.

நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆரம்பித்தால் கட்டைவிரல் வலிக்கிற வரைக்கும் எழுதுவேன் என்று எனக்கே தெரியும். இப்போது உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கெல்லாம் ஓர்க்கா என்கிற அந்தக் கொலைத் திமிங்கிலம் போன வாரம்தான் அறிமுகம். எனக்கு அது ஏழு வயதிலிருந்து பழக்கம். நடுவட்டத்துக்கு மேலே, நம் லைன் வீட்டில், அதன் வயிற்றுக்குக் கீழேதான் நான் பாய் போட்டுப் படுத்தேன்.

சிரிக்காதீர்கள். ஆனி மாதம் மழை இறங்கும் முன் லைன் வீடுகளில் சுவருக்குக் காகிதம் ஒட்டுவார்களே, நினைவிருக்கிறதா? கல் இடுக்கு வழியாகக் காற்று ஊசியாக இறங்கும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கரைத்து, பழைய பேப்பர்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவோம். அந்தப் பசையின் வாசனை ஒரு மாதிரி இனிப்பும் கசப்புமாக இருக்கும். இன்றைக்கும் எங்காவது சுவரொட்டி ஒட்டுகிறவர்களைக் கண்டால் நான் நின்று மூக்கை இழுத்துக்கொள்வேன். கூட வருகிறவர்கள் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள்.

பங்களாவிலிருந்து பட்லர் பழைய வெளிநாட்டுப் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து லைனில் பிரித்துக் கொடுப்பார். வழவழப்பான தடித்த தாளுக்கு அடிதடியே நடக்கும். பூந்தோட்டம், கார், தொப்பி வைத்த சீமாட்டி எல்லாம் பழைய குடிகளுக்குப் போய்விடும். நாங்கள் அப்போதுதான் சிலோனிலிருந்து வந்து இறங்கியிருந்தோம். கடைசி வீடு, கடைசி ஆள். எங்களுக்கு வந்தது யாருக்கும் வேண்டாத ஒரு பெரிய மடிப்புத் தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

"இத நீங்களே வெச்சுக்கங்க. பல்ல இளிச்சுட்டு நிக்குது. ஊட்டுக்குள்ள ஆகாதுங்க."

அண்ணன் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பான். அகராதி ஒன்று வைத்திருந்தான், அட்டை கிழிந்து 'ஏ' எழுத்து முழுக்கப் போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு தலைப்பை மொழிபெயர்த்தான். "கொலை. திமிங்கிலம். கொலைகாரத் திமிங்கிலம்." அம்மா சாமி படத்தைப் பார்த்துவிட்டு, "பொறவு என்னா, குளிருக்கு ஒட்டு" என்றாள்.

அப்படித்தான் அது எங்கள் சுவருக்கு வந்தது. ஒரு தாயும் குட்டியும். தாயின் பக்கத்தில் முதுகில் ஆள் உயரத் துடுப்போடு இன்னொன்று. துடுப்பு அவ்வளவு நெட்டையாக இருந்தால் ஆண் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. நான் அதை அப்பா என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் மேலும் இரண்டு வரி படித்துவிட்டு, "இல்ல, அது மூத்த மகன்" என்றான். மகன்கள் எவ்வளவு வளர்ந்தாலும் அம்மாவை விட்டுப் போகாதாம். கூட்டத்துக்கே தாய்தான் தலைமையாம். அதைக் கேட்டு அம்மா முதல் முறையாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

குட்டியின் வெள்ளை இடமெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அச்சில் சாயம் கலந்துவிட்டது என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். பிறந்த குட்டிக்கு அப்படித்தான் இருக்கும், வளர வளர வெளுக்கும் என்று எனக்குத் தெரிந்தது இப்போது பேத்தியின் போனில். இன்னொன்றும் தெரிந்தது. தலையில் நீள்வட்டமாக இருக்குமே வெள்ளைப் புள்ளி, அதைத்தான் நான் கண் என்று நினைத்து, தினமும் படுக்கும்போது பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்குவேன். அது கண்ணே இல்லை. கண் அதற்கு முன்னால், சற்றுக் கீழே, கறுப்புக்குள் கறுப்பாகச் சின்னதாக ஒளிந்திருக்கிறது. அத்தனை நாளும் புருவத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். திமிங்கிலமும் இல்லையாம், டால்பின் ஜாதியிலேயே பெரியதாம். கொலைகாரப் பட்டமும் வீண்பழிதான். கடல்நாயையும் பெரிய திமிங்கிலத்தையும் தின்னும், சரி. கடலில் மனிதரை அடித்துத் தின்றதாக ஒரு பேச்சும் இல்லை. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மாவின் கூவலைப் பற்றி.

அக்கரையில் அம்மா பிறந்த தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூவல் உண்டு. பனி மூடினால் பக்கத்துச் செடியே தெரியாத மலை அது. அந்தியில் பிள்ளைகளை அழைக்கப் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். வாசலில் நின்று அவரவர் வீட்டுக் கூவலைக் கொடுப்பார்கள். அம்மா வீட்டுக் கூவல் கீழிருந்து "ஊ" என்று எழும்பி, உச்சியில் ஒரு கணம் அறுந்து, அப்புறம் நீளமாக இறங்கும். அந்த அறுந்த இடம்தான் அடையாளம். பிள்ளைகள் அதற்குப் பதில் கொடுத்துக்கொண்டே ஓடி வர வேண்டும். அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது, எங்களுக்கு அவள் கொடுத்தாள். பெட்டி, படுக்கை எல்லாவற்றுக்கும் கப்பலில் எடை பார்த்தார்கள். இதற்கு யாரும் எடை பார்க்கவில்லை.

இங்கே வந்த முதல் வாரம். நானும் அண்ணனும் கீழ்ச்சரிவில் விளையாடிக்கொண்டிருந்தோம். இருட்டப்போகிறது. அம்மா வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, கூவினாள். நாங்கள் பதில் கொடுத்துக்கொண்டே ஓடி வந்து பார்த்தால் லைன் மொத்தமும் வெளியே நிற்கிறது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, யாரு தவறிட்டாங்க? ஊர்ல இருந்து தந்தி கிந்தி வந்துதுங்களா?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சோத்துக்குக் கூப்புட்டேன்" என்றாள். அவ்வளவுதான், லைன் முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படி ஒப்பாரிச் சத்தம் போட்டால் லைனுக்கு ஆகாது, உங்க சிலோன் வழக்கத்தையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வரணுமுங்க என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் கொழுந்து வாட வைக்கிற மேல்மாடியில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் 'சிலோன்காரன்' என்ற சொல் காதில் விழுந்தால் சுருங்கிப்போவார். இந்த ஊர்க்காரராக ஆகியே தீருவது என்று முடிவுகட்டியிருந்தார். காம்பரா என்ற வார்த்தையை விட்டு 'ரூம்புங்க' என்றார். கொழுந்து பறிக்க மலைக்குப் போறதை விட்டு 'காட்டுக்குப் போறதுங்க' என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. வாசலில் படுத்த நாயைக்கூட "தள்ளிப் படுங்க" என்பார். அம்மா வாயைப் பொத்திக்கொள்வாள்.

அன்றைக்கு மட்டும் கதவைச் சாத்தியதும் பழைய பேச்சு வந்துவிட்டது.

"இந்தா பாரு. அந்தச் சத்தம் இனி இந்த வாசல்ல கேக்கக் கூடாது. விளங்குச்சா?"

"பொறவு புள்ளைகள எப்படிக் கூப்புடுறது?"

"பேரு வச்சிருக்கம்ல? ஊரு ஒலகம் மாதிரி பேரச் சொல்லிக் கூப்புடு."

அம்மா அடுத்த நாளிலிருந்து வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மெல்லிய குரலில், கூச்சத்தோடு, யாரோ வீட்டுப் பிள்ளைகளை அழைப்பதுபோல. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பதிலுக்குக் கூவிக்கொண்டு ஓடி வருவதுதான் அந்த நாளிலேயே நல்ல பகுதி. அது போய்விட்டது. அம்மாவும் சுருங்கிவிட்டாள். மலையில் வேலை செய்யும்போது பாட்டுப் பாடுகிறவள், இங்கே வாயைத் திறக்கவில்லை. பதினைந்து பெண்கள் நிரையில் கொழுந்து பறிக்க, அவள் மட்டும் ஊமை போலப் பறித்தாள் என்று பெரியம்மாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.

மஞ்சு, அதான் பனிமூட்டம், இறங்கினால் அதற்குள் ஒன்று நடமாடும், அதற்கு நம் எல்லார் பெயரும் தெரியும், தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும், "ஏன்" என்று கேட்டால் கூட்டிப்போய்விடும் என்று நம்மை மிரட்டி வைத்திருந்தார்களே, மறந்துவிட்டீர்களா? கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெரியம்மா அதைச் சொன்னார். ரோட்டோரத்து டீக்கடை மலையாளத்துக்காரரும் சொன்னார். காய்கறி கொண்டுவரும் படுகர் தாத்தா அதையே தன் பாஷையில் சொல்லிக் கண்ணை உருட்டிக் காட்டினார். அந்த மலையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மஞ்சுக்குள் திரியாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். நானும் மிகவும் கீழ்ப்படிதலுள்ள பெண். வம்பே அதில்தான் வந்தது.

ஆடி மாதம். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தேன்: ஓர்க்கா எங்கே இருக்கும், எங்கே இருக்கும் என்று. அவன் விளையாடப் போகிற அவசரத்தில், "பைக்காராவுல இருக்கு. அவ்வளவு தண்ணிக்கு வேற எங்க இருக்கும்?" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். பைக்காரா அணை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரிக்குத் தண்ணீர் எடுக்கிற குட்டை ஒன்று இருப்பது தெரியும். எனக்கு அதுதான் பைக்காரா.

செடிகளுக்கு நடுவே ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். குட்டைமேல் ஆவி மாதிரி மஞ்சு கிடந்தது. கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீருக்கு நடுவில் கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று ஒரு முதுகு தெரிந்தது. "ப்ஃபூ" என்று மூச்சுவிட்டது. மூச்சு வெள்ளையாக மேலே எழும்பியது. என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. அவ்வளவு சந்தோஷம் அதற்கப்புறம் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை. பிறகு அது தலையைத் தூக்கியது. இரண்டு கொம்பு. எருமை.

அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எழுந்து திரும்பினால் வந்த வழியைக் காணோம். மஞ்சு கரைவரை வந்து மூடிவிட்டது. தேயிலைச் செடி எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை, அதுவும் மறைந்துபோய் முன்னால் நீட்டிய கை மட்டும் தெரிந்தது. கொஞ்ச தூரம் நடந்தேன். செடிகளுக்கு இடையே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் கால் இடறி உட்கார்ந்தேன். அங்கேயே இருந்துவிட்டேன். மழை மறுபடி பிடித்தது. காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் அசையவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, பெயர் கேட்டது. என் பெயர்.

முதலில் பெரியம்மா குரல். "கண்ணூ... எங்க சாமி இருக்கறே?" நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்து டீக்கடைக்காரர், "மோளே... மோளே..." என்று என் பெயரைச் சேர்த்து இழுத்தார். மேஸ்திரி ஒரு பக்கம், படுகர் தாத்தா ஒரு பக்கம். நாலு குரலில் என் பெயர் மஞ்சுக்குள் அலைகிறது. தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும் என்று சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஒவ்வொரு குரலாக மாற்றி மாற்றிப் பார்க்கிறது என்று நினைத்தேன். கானுக்குள் இன்னும் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டேன்.

கடைசியாக அப்பா வந்தார். கிட்டத்தில்தான், நாலு செடிக்கு அப்பால். எட்டிப்பிடித்திருக்கலாம். ஆனால் மேஸ்திரி, ஃபேக்டரிக்காரர்கள் எல்லாம் கூட இருந்திருக்கிறார்கள். அந்தப் பதற்றத்திலும் அவருக்கு வெளிப்பேச்சுதான் வந்தது.

"பாப்பா... எங்க இருக்கறீங்க கண்ணு? அப்பா வந்திருக்கறனுங்க. பேசுங்க கண்ணு."

என் அப்பா என்னை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். இது அப்பா இல்லை. அப்பா குரலைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் விம்முவது கேட்டது. அதுவும் நடிப்பு என்று நினைத்தேன். பாவம், அவர் அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியது மேல் மலைக்கு. கொழுந்துக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு, தலையில் கம்பளியோடு ஓடி வந்திருக்கிறாள். எல்லோரும் கத்திக் களைத்து, குட்டையில் இறங்கிப் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்த நேரம். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் மேட்டின் உச்சியில் ஏறி நின்றாளாம். பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாளாம். "கேட்டுக்கிட்டு நிக்கல. பார்த்தா, அம்புட்டுதான்" என்பான் அண்ணன்.

கூவல் எழும்பியது. கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் அறுந்து, நீளமாக இறங்கியது.

நான் யோசிக்கவே இல்லை. என் தொண்டை தானாகத் திறந்து பதில் கொடுத்துவிட்டது. பதில் கொடுத்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அம்மா மறுபடி கூவினாள், நான் மறுபடி கொடுத்தேன், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேராக என்மேல் வந்து விழுந்தாள். கம்பளிக்குள் என்னை இழுத்துக்கொண்டாள். ஈர ஆட்டுமயிர் நாற்றமும் கொழுந்து வாசனையும் புகையிலையும் கலந்து அடித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பத்திரம் என்ற சொல்லுக்கு என் மூக்கில் அந்த வாசனைதான்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே பெரியம்மா அதட்டினார்.

"ஏ கண்ணு, தொண்டை கிழியக் கத்துனமே, ஒரு வார்த்தை பேசறதுக்கென்ன உனக்கு?"

"நீங்கதானே பெரியம்மா, மஞ்சுல பேரு சொல்லிக் கூப்புட்டா பேசக் கூடாதுன்னு சொன்னீங்க?"

பெரியம்மா டீக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தார். அப்பா மட்டும், "நான் கூப்புட்டது கேக்கலியா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கேட்டுச்சு. நீங்க இல்லன்னு நெனச்சேன்."

அவர் முகம் போன போக்கு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்குப் புரிகிறது. அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. சுவர் ஊறி, மைதாப் பசை இளகி, ஒரு நாள் சாயங்காலம் ஓர்க்கா தலைகீழாகச் சுருண்டு கீழே விழுந்தது. அண்ணன் அதை அடுப்பு ஓரத்தில் விரித்துப் போட்டான். அப்போதுதான் அதற்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதே எங்களுக்கு நினைவு வந்தது. பசையோடு பாதி எழுத்து போயிருந்தது. மீதியை அவன் அகராதியை வைத்து, முக்கி முனகிப் படித்தான்.

நீண்ட நேரம் படித்தான். அவை தூங்கும்போதுகூட முழுதாகத் தூங்காது, பாதி மூளை விழித்திருக்கும், குடும்பமே வரிசையாக மிதந்து ஒன்றாக மூச்சுவிடும் என்று இருந்தது. சில கூட்டம் மீன் மட்டும் தின்னும், சில கூட்டம் கடல்நாயைத் தின்னும், ஒன்று மற்றதன் சாப்பாட்டைத் தொடாது என்று இருந்தது. அம்மா, "நம்ம லயம் மாதிரிதான்" என்றாள், லைனைத்தான் சொல்கிறாள். எங்கள் மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசனைக்குப் பெரியம்மா ஜன்னலைச் சாத்துவது அவள் மனதில் இருந்தது. அப்புறம் அண்ணன் ஒரு இடத்தில் நின்றான். வார்த்தை வார்த்தையாகத் தேடினான்.

"ஒவ்வொரு குடும்பத்துக்கும்... அதுக்குன்னு ஒரு குரல் இருக்கு. குட்டி பொறந்ததும் தாய்கிட்ட அதக் கத்துக்கும். கடல்ல எத்தன கூட்டம் கலந்து திரிஞ்சாலும்... தன் வீட்டுக் குரல... அது தெரிஞ்சுக்கும்."

அம்மா ஊதுகுழலை வாயில் வைத்தபடியே இருந்தாள், ஊதவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா திரும்பினார்.

"இன்னொரு தடவ படி."

அண்ணன் படித்தான்.

"மீனுக்கா இது?"

"மீன் இல்லப்பா. ஓர்க்கா."

அப்பா மறுநாள் தானே பசை காய்ச்சினார். தாளைப் பழைய இடத்தில் ஒட்டினார், ஆனால் எழுத்துப் பக்கம் வெளியே தெரிய. என் ஓர்க்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் தரையில் புரண்டு அழுதேன்.

"படம் ஒனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே புள்ள. இது இருக்கட்டும்" என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. அந்த எழுத்துகளை அவர் எதற்கு வைத்துக்கொண்டார் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது நான் பேத்தியின் போனில் ஓர்க்கா வீடியோவாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பனிப்பாளத்தில் படுத்திருக்கும் கடல்நாயைத் தள்ள, வரிசையாக நீந்தி வந்து அலை கிளப்புவதைப் பார்த்தேன். கரையில் ஏறி இரை பிடிக்கத் தாய் குட்டிக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். செத்த மீனைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு திரிவதையும் பார்த்தேன், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லையாம். சும்மா இருக்கலாம், நாம் செய்யாத கூத்தா? வயதான பெண் ஓர்க்காக்கள் பிள்ளை பெறுவது நின்ற பிறகும் நெடுங்காலம் வாழ்ந்து, மீன் குறைந்த வருஷத்தில் முன்னால் நீந்தி வழி காட்டுமாம். குரூப்பில் உள்ள பெண்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும். ஆண்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஆண் ஓர்க்கா வேறு குடும்பத்துப் பெண்ணோடு கூடிவிட்டு, நேராகத் தன் அம்மாவிடம் திரும்பிவிடும். சாகும்வரை அம்மா வீட்டுக் குரல்தான். துணையின் வீட்டுக் குரலை அது எடுத்துக்கொள்வதாக எங்கும் படிக்கவில்லை.

அந்த விஷயத்தில் அப்பா ஓர்க்காவைத் தாண்டிவிட்டார்.

அன்றைக்கு ஃபேக்டரி வேலை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். மஞ்சு வாசற்படிவரை வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கீழே வளைவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டை கட்டின சேவல் போல. கீழிருந்து ஏறியது, உச்சியில் அறுக்க வேண்டிய இடத்தில் அறுக்கத் தெரியாமல் இருமியது, அப்புறம் தாறுமாறாக இறங்கியது. அது அம்மா வீட்டுக் கூவல். அவர் வாயில் நான் அதைக் கேட்டதே இல்லை. அவர் வீட்டுக் கூவல் வேறு, அதை அவர் அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அம்மாவின் கை மாவில் நின்றுவிட்டது. அண்ணன் சிரிக்க வாயெடுத்தான். அவள் மாவுக் கையாலேயே அவன் வாயைப் பொத்தினாள்.

இரண்டாம் முறை வந்தது. முதலாவதைவிட மோசம். ஆனால் பலமாக. கூட வருகிற ஃபேக்டரி ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. மேஸ்திரிக்குக் கேட்கும்படி.

லைனில் கதவுகள் திறந்தன. பெரியம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, யாரு தவறிட்டாங்க?"

அம்மா வாசலுக்கு வந்தாள். இடுப்பில் மாவுக் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"யாரும் தவறலீங்க அக்கா. எங்க ஊட்டுக்காரரு வாராரு" என்றாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, எப்படி அறுக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குக் கற்றுக்கொடுத்தாள்.